ஐந்தில் இரண்டு

ஜூன் மாதம் கல்லூரி திறப்பதற்கு இரண்டு நாள் முன்னால் கணிதத் துறையில் பேப்பர் பிரிப்பார்கள். யாருக்கு எந்த வகுப்பு, எந்தப் பாடம் என்று துறைத் தலைவர் ஐயப்பன் ஒரு தாளில் எழுதி வைத்திருப்பார். அவர் வாசிக்கும்போது சுற்றியிருப்பவர்களின் முகத்தைப் பார்த்தாலே யாருக்கு மரியாதை கூடியது, யாருக்குக் குறைந்தது என்று தெரிந்துவிடும். கணிதம் மேஜர் எடுத்த பிள்ளைகளுக்கு அனாலிசிஸ், அல்ஜீப்ரா நடத்துகிறவர்கள் மேலே. இயற்பியல், வேதியியல் பிள்ளைகளுக்கு அலைடு மேத்ஸ் நடத்துகிறவர்கள் அதற்கு அடுத்தபடி. பி.காம்.காரர்களின் பிசினஸ் மேத்ஸ் அதற்கும் கீழே. எல்லாவற்றுக்கும் கடைசியில், பி.எஸ்சி.யும் பி.எட்.டும் சேர்ந்த நான்கு வருடப் படிப்புக்கு 'பள்ளிக் கணிதம்' என்று ஒரு பேப்பர். நாளைக்கு ஆசிரியராகப் போகிறவர்கள் பின்னம், தசமம், பரப்பளவு என்று பள்ளிக்கூடப் பாடத்தையே திரும்ப ஒருமுறை படிக்க வேண்டும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் தலையில்தான் வழக்கமாக அது விழும்.

அந்த வருடம் அது கீதாஞ்சலியின் தலையில் விழுந்தது.

அவளுக்கு முப்பத்தெட்டு வயது. கிளியனூரில் விவசாயக் குடும்பம். அந்தக் கல்லூரியில் சேர்ந்து பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. டோபாலஜியில் டாக்டர் பட்டம் வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. அனாலிசிஸ் தனக்குத்தான் வரும் என்று வீட்டில்கூடச் சொல்லி வைத்திருந்தாள்.

"சார், நான் இப்பதான் பிஎச்.டி. முடிச்சேன்" என்றாள்.

"அதனாலதாம்மா குடுத்தேன். உனக்கு இதெல்லாம் தூசு" என்றார் ஐயப்பன். மற்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள்.

அந்த வகுப்பை அவள் தண்டனையாகவே நடத்தினாள். மேஜர் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரமும் நின்றபடி பாடம் எடுப்பவள், இவர்களுக்கு நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பழைய கைடிலிருந்து வாசித்தாள். இருபத்தாறு பேர் எழுதிக்கொண்டார்கள். அவர்கள் எழுதி முடிக்கும் இடைவெளியில், ஒரு ஆராய்ச்சி இதழுக்கு அனுப்ப வேண்டிய தன் கட்டுரையைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்டில் ஒரு நாள், வேற்றினப் பின்னங்களைக் கூட்டும் முறையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டினால் ஆறில் ஐந்து. மீச்சிறு பொது மடங்கு எடு, தொகுதியை மாற்று, கூட்டு. அப்போது மூன்றாவது வரிசையில் சகாயமேரி எழுந்தாள். அதிகம் பேசாத பெண். மரக்காணத்திலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வருகிறவள்.

"மேம், ஒரு டவுட். எங்கம்மா உப்பளத்துல வேலை செய்றாங்க. ஒரு பக்கம் ரெண்டு பாத்தி இருக்குது, அதுல ஒண்ணுல உப்பு வெளைஞ்சிடுச்சு. இன்னொரு பக்கம் மூணு பாத்தி, அதுலயும் ஒண்ணு வெளைஞ்சிடுச்சு. மொத்தமா பாத்தா அஞ்சு பாத்தியில ரெண்டு. அப்போ அரையும் மூணுல ஒண்ணும் சேர்ந்தா அஞ்சுல ரெண்டுன்னுதானே வருது? நாளைக்கு ஒரு பையன் இப்படிக் கேட்டா நான் என்ன சொல்றது மேம்?"

கீதாஞ்சலி பேனாவை மூடினாள். பதில் தயாராக இருக்கும் என்று நினைத்து வாயைத் திறந்தாள். இல்லை. விடை தப்பு என்று தெரியும். ஏன் தப்பு என்று சொல்ல வரவில்லை. பாத்திகளை எண்ணிப் பார்த்தால் ஐந்தில் இரண்டு சரியாகத்தான் இருந்தது. மூன்று விநாடி இருக்கும். இருபத்தாறு பேரும் தலை நிமிர்ந்து அவளையே பார்த்தார்கள். டோபாலஜியில் டாக்டர் பட்டம் வாங்கியவளுக்கு ஆறாம் வகுப்புக் கணக்கில் நாக்கு ஒட்டிக்கொண்டது.

அவள் எழுந்து, இடது கையை இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னாள்.

"சகாயமேரி, உப்பளத்துக்குப் போறதுக்கு இந்தக் கணக்கு போதும். டீச்சர் ஆவறதுக்குப் பத்தாது."

வகுப்பு சிரித்தது. சகாயமேரியும் சிரிக்கப் பார்த்தாள். உட்கார்ந்தாள். அடுத்த இரண்டு நாள் அவள் வரவில்லை. கீதாஞ்சலி வருகைப் பதிவில் ஆப்சென்ட் போட்டதோடு அதை மறந்தாள். அந்தப் பேப்பரில் எல்லாரும் பாஸ் ஆனார்கள்.

ஒன்றரை வருடம் கழித்து, அந்த மாணவர்கள் நான்காம் வருடத்தில் பள்ளிக்கூடங்களுக்குப் பயிற்சிக்குப் போனார்கள். கல்லூரி ஆசிரியர்கள் போய் அவர்கள் பாடம் நடத்துவதைப் பார்த்து மதிப்பெண் போட வேண்டும். பிப்ரவரியில் கீதாஞ்சலிக்கு மரக்காணம் பக்கத்து அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்று வந்தது. கடற்கரைச் சாலையில் இறங்கி கொஞ்ச தூரம் நடந்தால் போதும்.

தலைமையாசிரியர் பாக்கியலட்சுமி டீ வரவழைத்துக் கொடுத்தார். "உங்க பொண்ணு சகாயமேரி நல்லா கன்ட்ரோல் பண்ணுதுங்க. கிளாஸ்ல சத்தமே இருக்காது" என்றார்.

ஆறாம் வகுப்பில் நாற்பது பேர். கீதாஞ்சலி கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். சகாயமேரி வெளிர் நிறப் புடவையில் ஐந்து வயது கூடினவளாகத் தெரிந்தாள். பலகையில் அழகான கையெழுத்து. வேற்றினப் பின்னங்களின் கூட்டல். அரையும் மூன்றில் ஒன்றும். அதே கணக்கு எல்லாப் புத்தகத்திலும் முதல் உதாரணமாக இருக்கும் என்பதால் கீதாஞ்சலிக்கு அது விசேஷமாகப் படவில்லை. மதிப்பெண் படிவத்தில் 'கரும்பலகைப் பயன்பாடு' என்ற இடத்தில் பத்துக்கு ஒன்பது போட்டாள்.

இரண்டாவது பெஞ்சில் ஒரு பெண் கை தூக்கினாள். எண்ணெய் வைத்து இறுக்கப் பின்னிய இரட்டைச் சடை.

"சொல்லு தமிழ்நிலா."

"டீச்சர், எங்க வீட்ல ரெண்டு ஆடு. ஒண்ணு கருப்பு. எங்க சித்தி வீட்ல மூணு ஆடு. அதுலயும் ஒண்ணு கருப்பு. நான்தான் சாயந்திரம் எல்லாத்தையும் ஒண்ணா ஓட்டிட்டு வருவேன். அப்போ அஞ்சுல ரெண்டுதானே டீச்சர் கருப்பு? நீங்க ஆறுல அஞ்சுன்னு போட்டிருக்கீங்க."

கீதாஞ்சலியின் பேனா நின்றது.

சகாயமேரி பலகையைப் பார்த்தாள். பிறகு கடைசி பெஞ்சைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பயம் இருந்தது. அடுத்த கணம் அவள் இடது கையை இடுப்பில் வைத்தாள். தலையைக் கொஞ்சம் சாய்த்தாள்.

"தமிழ்நிலா, ஆடு மேய்க்கிறதுக்கு இந்தக் கணக்கு போதும். ஆறாங்கிளாஸ் பாஸ் பண்றதுக்குப் பத்தாது."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. யாரோ ஒரு பையன் ஆட்டைப் போலக் கத்தினான். தமிழ்நிலா உட்கார்ந்து நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டாள். அவள் பின்கழுத்து மட்டும் கீதாஞ்சலிக்குத் தெரிந்தது. சகாயமேரி மறுபடியும் கடைசி பெஞ்சைப் பார்த்தாள். இந்த முறை பயம் இல்லை. சரியாகச் செய்தேனா என்று கேட்கிற பார்வை.

சொற்கள், குரல், கை வைத்த இடம், எல்லாம் தன்னுடையவை என்று கீதாஞ்சலிக்கு உடனே புரிந்தது. யாரோ தன் உடுப்பைப் போட்டுக்கொண்டு எதிரே வந்து நிற்கிறாற்போல் இருந்தது. காது மடல் சுட்டது. அந்த நாற்பது குழந்தைகளில் யாராவது திரும்பித் தன்னைப் பார்த்துவிடுவார்களோ என்று படிவத்தின்மேல் குனிந்துகொண்டாள்.

மணி அடித்ததும் சகாயமேரி வராந்தாவுக்கு ஓடி வந்தாள்.

"மேம், எப்படி இருந்துச்சு? நீங்க எங்களுக்கு எடுக்கிற மாதிரியே எடுத்தேன் மேம்."

"ம்."

"அன்னைக்கு நீங்க அப்படிச் சொன்னதும் ரெண்டு நாள் நான் காலேஜுக்கே வரல. ஞாபகம் இருக்கா மேம்? அதுக்கப்புறம்தான் ஒழுங்கா படிச்சேன். தேவையில்லாம டவுட் கேக்கறதையே விட்டுட்டேன். பசங்களுக்கும் அப்படி ஒரு தடவை சொன்னாத்தான் மேம் உறைக்குது."

அவள் சந்தோஷமாகச் சொன்னாள். அதில் குத்தல் எதுவும் இல்லை.

"நல்லாருந்துது" என்றாள் கீதாஞ்சலி.

'மாணவர் கேள்விகளைக் கையாளும் திறன்' என்ற வரி காலியாக இருந்தது. குறைத்துப் போட்டால் ஏன் என்று சொல்ல வேண்டும். ஒன்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, தலைமையாசிரியரிடம் கொடுத்துவிட்டு வேகமாக வெளியே நடந்தாள்.

மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வண்டியில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சாலையை ஒட்டி உப்பளம். வெயில் பாத்திகளில் பட்டுக் கண் கூசியது. தலையில் துணி கட்டிய பெண்கள் உப்பை வாரி வரப்பில் குவித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் சகாயமேரியின் அம்மா இருக்கக்கூடும் என்று நினைத்ததும் கீதாஞ்சலி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பிறகு பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். இரண்டு கட்டம் வரைந்தாள். பக்கத்தில் மூன்று கட்டம். ஒவ்வொரு பக்கமும் ஒரு கட்டத்தைக் கருப்பாக்கினாள். அரை. எதில் அரை? இரண்டு ஆட்டில் அரை. மூன்றில் ஒன்று. எதில்? மூன்று ஆட்டில். ஐந்தில் இரண்டு, அது ஐந்து ஆட்டில். மூன்றும் மூன்று வேறு முழுமைகள். ஒரே ரொட்டியில் பாதியும் அதே ரொட்டியில் மூன்றில் ஒன்றும் எடுத்தால்தான் அது கூட்டல். அப்போதுதான் ஆறில் ஐந்து. அந்தப் பெண் சொன்னது தப்பே இல்லை. அது வேறு ஒரு கேள்விக்குச் சரியான பதில். அதோடு, ஐந்தில் இரண்டு என்பது அரையைவிடக் குறைவு. பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் பாதியைவிடக் குறையுமா என்று திருப்பிக் கேட்டிருந்தாலே குழந்தைகள் தாங்களாகவே பேச ஆரம்பித்திருப்பார்கள்.

பஸ் ஸ்டாண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. தெரியாமல் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஒன்றரை வருடத்தில் ஒரு பத்து நிமிடம் இதற்குக் கொடுக்கத் தோன்றவில்லை என்பதை அவளால் தாங்க முடியவில்லை. அது யோசிக்கத் தகுந்த கணக்கே இல்லை என்று வைத்திருந்தாள். கேட்டவளையும் அப்படித்தான் வைத்திருந்தாள்.

மறுநாள் லீவு சொல்லிவிட்டு மறுபடியும் மரக்காணம் போனாள். அவளைப் பார்த்ததும் சகாயமேரியின் முகம் வெளுத்துவிட்டது.

"மேம், மார்க்குல ஏதாவது பிரச்சனையா?"

"இல்ல. உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

வராந்தாவின் கோடியில், குடிநீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று தாளைக் காட்டி விளக்கினாள். சகாயமேரி உடனே பிடித்துக்கொண்டாள். கீதாஞ்சலி முடிக்கும் முன்பே, "அப்போ எங்க பாத்திக் கணக்கு சரிதானா மேம்?" என்றாள்.

"சரிதான். கேள்விதான் வேற."

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே மேம்."

"எனக்குத் தெரியல. தெரியலன்னு காட்டிக்கக் கூடாதுன்னுதான் உன்னை அப்படிச் சொன்னேன். தப்பு என் மேலதான் சகாயமேரி."

சகாயமேரி சொட்டிக்கொண்டிருந்த தொட்டிக் குழாயை இறுக்கி மூடினாள். பேசியபோது குரல் மாறியிருந்தது.

"அன்னைக்கு வீட்டுக்குப் போயி எங்கம்மாகிட்ட சண்டை போட்டேன் மேம். அவங்கதான் தினம் வந்து எந்தப் பாத்தி வெளைஞ்சுது, எந்தப் பாத்தியில தண்ணி நின்னுடுச்சுன்னு கதை மாதிரி சொல்லிட்டு இருப்பாங்க. 'உன் உப்பளத்துக் கதையெல்லாம் எங்கிட்ட சொல்லாத, எனக்கு அசிங்கமா இருக்குது'ன்னு சொல்லிட்டேன். அதுலேர்ந்து அவங்க வேலையைப் பத்தி எங்கிட்ட வாயே திறக்கறதில்ல."

கீதாஞ்சலி தாளை மடித்தாள். "மன்னிச்சுடும்மா" என்று முணுமுணுத்தாள்.

"சரிங்க மேம்" என்றாள் சகாயமேரி. யார் எதைச் சொன்னாலும் சொல்கிற சரி அது. பிறகு, "நேத்து அந்தப் பொண்ணை நானும் அதையேதானே சொன்னேன்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு வகுப்பை நோக்கி நடந்தாள். கீதாஞ்சலியை வரச் சொல்லவில்லை. அவளாகவே பின்னால் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள்.

சகாயமேரி பலகைக்கு முன்னால் நின்றாள். கைகள் இரண்டும் பக்கவாட்டில் தொங்கின.

"நேத்து தமிழ்நிலா ஒரு கேள்வி கேட்டா. எனக்குப் பதில் தெரியல. தெரியாததை மறைக்கிறதுக்காக நான் அவளைக் கிண்டல் பண்ணிட்டேன். அவ கேட்டது நல்ல கேள்வி. நான் பண்ணினதுதான் தப்பு."

ஒரு ஆசிரியர் இப்படிப் பேசி அந்தப் பிள்ளைகள் கேட்டதில்லை. கடைசி பெஞ்சில் கீதாஞ்சலி நிமிர்ந்து உட்கார்ந்தாள். இந்தப் பெண் ஒரே காலையில், நாற்பது பேருக்கு முன்னால் சொல்லிவிட்டாள். தான் தண்ணீர்த் தொட்டி மறைவில், ஒருத்தியின் காதில் மட்டும் சொல்லியிருக்கிறோம்.

"தமிழ்நிலா, உன் ஆட்டுக் கணக்கை மறுபடியும் சொல்லு. இன்னைக்கு எல்லாரும் சேர்ந்து போடலாம்."

தமிழ்நிலா எழுந்தாள். "நான் சொன்னது தப்பு டீச்சர். நேத்தே ஆறுல அஞ்சுன்னு திருத்தி எழுதிட்டேன்." நோட்டை விரித்துக் காட்டினாள். ஒரே கணக்கைப் பத்து முறை எழுதியிருந்தாள். யாரும் எழுதச் சொல்லவில்லை.

"தப்பு இல்லம்மா. உங்க வீட்ல ரெண்டு ஆடு..."

"எங்க வீட்ல ஆடு இல்ல டீச்சர்."

"பொய் சொல்றா டீச்சர்! ரெண்டு ஆடு இருக்குது. நான் பாத்திருக்கேன்" என்று பக்கத்தில் இருந்தவள் கத்தினாள்.

"இல்ல" என்றாள் தமிழ்நிலா. கண் கலங்கிவிட்டது.

சகாயமேரி அவளை உட்காரச் சொல்லிவிட்டு, ஆடுகளை விட்டுவிட்டு மாணவர்களையே எழுப்பி நிற்க வைத்தாள். முதலில் இரண்டு பேர், ஒருத்தி தலையில் மட்டும் பூ. அந்தப் பக்கம் மூன்று பேர், அதிலும் ஒருத்தி தலையில் பூ. எதில் பாதி, எதில் மூன்றில் ஒன்று என்று கேட்டாள். பிள்ளைகள் கத்தினார்கள், சண்டை போட்டார்கள், தப்பாகச் சொன்னார்கள், ஒரு பையன் எழுந்து வந்து பலகையில் ரொட்டி வரைந்தான். பாக்கியலட்சுமி சத்தம் கேட்டு வாசலில் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். தமிழ்நிலா பலகையில் இருந்ததையெல்லாம் வரி விடாமல் எழுதிக்கொண்டாள். ஒருமுறைகூடக் கை தூக்கவில்லை.

வகுப்பு முடிந்ததும் சகாயமேரி பிள்ளைகளுக்கு நடுவிலேயே நின்றுவிட்டாள். கீதாஞ்சலி தனியாக கேட்டைக் கடந்து போனாள்.

மார்ச்சில் அந்த இருபத்தாறு பேரும் கல்லூரிக்குத் திரும்பினார்கள். கீதாஞ்சலி அவர்களிடம் ஒரு மணி நேரம் கேட்டு வாங்கினாள். நின்றுகொண்டு பேசினாள். சகாயமேரி கேட்ட கேள்வியையும், தனக்குப் பதில் தெரியாததையும், தான் சொன்ன வார்த்தையையும் அப்படியே சொன்னாள். அன்றைக்குச் சிரித்தவர்களில் சிலர் தலை குனிந்தார்கள். சிலர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மேமுக்கே தெரியாதாம் என்று பின்னால் யாரோ கிசுகிசுத்தது நன்றாகக் கேட்டது. வினோதினி என்ற பெண் எழுந்து, "மேம், இது எக்ஸாமுக்கு வருமா?" என்று கேட்டாள். மூன்றாவது வரிசையில் சகாயமேரி ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தாள். போகும்போது வழக்கம்போல, "வர்றேன் மேம்" என்றாள். அம்மாவோடு பேச்சு சரியாகிவிட்டதா என்று கேட்க கீதாஞ்சலிக்கு வாய் வரவில்லை. அந்த வருடம் படிப்பு முடிந்து, சகாயமேரி திண்டிவனத்தில் ஒரு தனியார் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்ததாக வேறு யாரோ சொல்லித்தான் தெரிந்தது.

ஜூனில் மறுபடியும் பேப்பர் பிரித்தார்கள்.

"கீதாஞ்சலி, இந்த வருஷம் உனக்கு அனாலிசிஸ். சந்தோஷமா?" என்றார் ஐயப்பன்.

"சார், பள்ளிக் கணிதம் எனக்கே இருக்கட்டும்."

அறையில் எல்லாரும் திரும்பினார்கள்.

"ஏம்மா? அதுலதான் நூறு பர்சென்ட் ரிசல்ட் காட்டிட்டியே. இனி யாராவது புதுசா வர்றவங்க எடுக்கட்டும்."

"ரிசல்ட்டைச் சொல்லாதீங்க சார். நான் அந்தப் பசங்களுக்கு ஒண்ணுமே சொல்லிக் குடுக்கல. அவங்க கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் தெரியல. வாயை அடைச்சு அனுப்பிட்டேன்."

யாரோ இருமினார்கள். ஐயப்பன் அவளை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முகம் சூடேறியதை எல்லாரும் பார்க்கிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது. தலை குனியவில்லை. கையை நீட்டித் தாளை வாங்கி, கடைசி வரியில் தன் பெயரைத் தானே எழுதிக் கொடுத்தாள்.